லேப்டாப் பள்ளியா, புத்தகப் பள்ளியா? டெல்லிக்கு வரும் தங்கைக்கு

மதுரையிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வரும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். மகள் ஏப்ரலில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும், துவாரகா பக்கம் இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பாடப்புத்தகமே கிடையாது, எல்லாம் லேப்டாப்பில்தான். இன்னொன்றில் வழக்கம்போல மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகங்கள். "பிள்ளைக்கு இந்தி தெரியாது, லேப்டாப் இருந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்கிறார்கள், எதில் சேர்க்கட்டும் அக்கா?" என்பது கேள்வி.

புத்தகம் இருக்கிற பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள் அம்மா. லேப்டாப் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வீட்டில் இருக்கட்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் புத்தகத்தின் இடத்தில் லேப்டாப் என்கிற பேச்சுக்கு, ஊர் மாறி வரும் பிள்ளையை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

நான் மயூர் விஹாருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. என் பெரியவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அவன் பள்ளியில் புத்தகத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டேப்லட் என்றார்கள். பையின் பாரம் குறையுமே என்று நானும் சந்தோஷமாகத்தான் பணம் கட்டினேன். ஆனால் அந்த வருடம் முழுக்க அவன் எந்தப் பாடத்தில் நிற்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை. புத்தகமாக இருந்தால் சமையல் வேலைக்கு நடுவே புரட்டிப் பார்த்து, இதுவரை அடிக்கோடு போட்டிருக்கிறான், இந்தக் கணக்கில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம், டேப்லட்டில் அவனுடைய கடவுச்சொல், அவனுடைய திரை, நான் வெளியே நிற்கிற ஆள். அதைவிடப் பெரிய இடி மார்ச் மாதம் விழுந்தது. வருடச் சந்தா முடிந்ததும் பாடங்கள் மொத்தமும் மறைந்துவிட்டன, எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் புரியாமல் போன வருடப் பாடத்தைத் திரும்பப் பார்க்க நினைத்தவனுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை. கடைசியில் பழைய ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடி, பழைய டெல்லியின் புத்தகக் கடைத் தெருவான நயீ சடக் போனேன். யாரோ ஒரு பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்த பென்சில் கோடுகளோடு கிடைத்தது. அதே புத்தகத்தில்தான் பிறகு என் மகளும் படித்தாள்.

இப்போது இந்தி. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அங்கே உங்களிடம் சொன்னது நேர்மாறு. நமக்கு ஒரே ஒரு க, அவர்களுக்கு நான்கு. சாப்பாடும் கானா, பாட்டும் கானா, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், இந்தியில் எழுத்தே வேறு. நம் பிள்ளைகள் முதல் வருடம் தடுக்கி விழுவது இங்கேதான். லேப்டாப்பில் ஆங்கில எழுத்தில் ஏதோ தட்டினால் அதுவே நாலு இந்திச் சொல்லைக் காட்டும், பிள்ளை ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும், எழுத்து கைக்குள் வரவே வராது. கோடு போட்ட நோட்டில் (இங்கே நோட்டைக் காப்பி என்பார்கள், பள்ளி தரும் பட்டியலில் அப்படித்தான் இருக்கும்) தினம் ஒரு பக்கம் புத்தகத்தைப் பார்த்து எழுத வையுங்கள். மாத்திரைகள், அதாவது இந்தியின் உயிர்க்குறிகள், பழகுவது அவ்வளவு கஷ்டம் இல்லை, இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வருவது நம் கொம்பு மாதிரிதான், அதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். என் மகளுக்கு ஆறு மாதத்தில் எழுத்து வந்தது, பேச்சு விளையாட்டு மைதானத்தில் தானாக வந்தது.

பையின் பாரத்தைச் சொல்லித்தான் லேப்டாப்பை விற்பார்கள். பாரம் உண்மையான பிரச்சினைதான். 2020ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்கிறது. ஆனால் லேப்டாப்பும் சார்ஜருமே ஒன்றரை, இரண்டு கிலோ வருமே! அதோடு 2024ல் வந்த புதிய ஆறாம் வகுப்பு என்சிஇஆர்டி வரிசையில் முன்பு மூன்றாக இருந்த வரலாறு, புவியியல், குடிமையியல் ஒரே புத்தகமாகிவிட்டன. நாள்வாரி அட்டவணையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பள்ளியா என்று கேளுங்கள், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

வெளிநாட்டில் எல்லாம் கணினிதான் என்றும் சொல்வார்கள். ஆனால் ஸ்வீடன் 2023ல் அச்சுப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் திரும்பக் கொண்டுவர நிதி ஒதுக்கியது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவு டிஜிட்டல் பாடநூலைத் தொடங்கி, அதே ஆகஸ்டில் அதற்குப் பாடநூல் என்ற தகுதியையே சட்டம் போட்டு எடுத்துவிட்டது. அவ்வளவு ஏன், நம் ஊரிலேயே 2011ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டா கொடுத்தார்கள்? என் சித்தி மகனுக்கு இரண்டும் கிடைத்தது, இரண்டையும் வைத்துத்தான் படித்தான்.

சரி, வீட்டுக்கு ஏன் லேப்டாப் என்றால், டெல்லியின் நவம்பருக்காக. தீபாவளி கழிந்ததும் காற்று நச்சாகும், மாசு எல்லை மீறினால் பள்ளிகளை மூடி ஆன்லைன் வகுப்பு நடத்துவார்கள், 2024 நவம்பரில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள்கூட வீட்டிலிருந்துதான் நடந்தன. அந்த நாட்களில் கைப்பேசியின் சின்னத் திரையில் பிள்ளை மணிக்கணக்காகக் குனிந்திருப்பதைப் பார்க்கவே மனசு வலிக்கும். கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில் விசாரித்து நடுத்தரமான ஒன்று வாங்குங்கள், கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் மேசையில் வையுங்கள். என்சிஇஆர்டி புத்தகங்கள் எல்லாமே அவர்கள் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாக இருக்கின்றன, கடையில் ஏதாவது ஒன்று கிடைக்கத் தாமதமானால் அதுவரை சமாளிக்கலாம். பத்தாவது பொதுத்தேர்வு இன்றும் தாளில்தான், மூன்று மணி நேரம் கை வலிக்க எழுத வேண்டும், ஜேஇஇ என்கிற பொறியியல் நுழைவுத் தேர்வு மாதிரி கணினியில் எழுதும் தேர்வுகள் பிளஸ் டூ சமயத்தில்தான் வருகின்றன, தட்டச்சு பழக உங்கள் மகளுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

தமிழை விட மனசில்லை என்றால் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளையும் ஒருமுறை விசாரியுங்கள். துவாரகாவிலிருந்து ஜனக்புரி பள்ளி பக்கம். தமிழைப் பாடமாகப் படிக்கலாம்.

எதில் சேர்த்தாலும், நம் ஊர் மாதிரி ஜூன் வரை காத்திருக்காதீர்கள், இங்கே ஏப்ரல் தொடக்கத்திலேயே வகுப்பு ஆரம்பித்துவிடும். மாற்றுச் சான்றிதழை மார்ச்சிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வந்து இறங்கியதும் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை நயீ சடக்குக்கு நானே கூட்டிப்போகிறேன், ஞாயிறு அங்கே கடை இருக்காது.