உப்புவெளி ஈட்டு வழக்கு: கைக்கு வராத அழைப்பாணை

தம்பி, வங்கி உங்கள் மேல் போட்ட ஈட்டு (அடமானக் கடன்) வழக்கில், நீங்கள் கத்தாரில் இருந்த நேரம் உப்புவெளி வீட்டில் அழைப்பாணையை உங்களிடமே நேரில் கொடுத்ததாக பிஸ்கல் (அழைப்பாணையைக் கொண்டுவந்து கொடுக்கும் நீதிமன்ற அலுவலர்) அறிக்கை சொல்கிறது, இப்போது ஒருதரப்புத் தீர்ப்பாணை (நீங்கள் வராததால் வங்கியின் பக்கத்தை மட்டும் கேட்டுக் கொடுத்தது) கைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நாளைப் பாருங்கள். தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் அதே மாவட்ட நீதிமன்றத்தில் அதை நீக்கக் கேட்டு மனு போட வேண்டும். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86(2) ஆம் பிரிவு அது. வங்கியோடு பேசிப் பார்ப்போம் என்று இந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

பிஸ்கல் சத்தியம் செய்து கொடுத்த அறிக்கையை நீதிமன்றம் முதலில் நம்பும். அது பிழை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. உங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறதே, இந்த விஷயத்தில் அதுதான் பெரிய பலம். நாட்டை விட்டுப் போன, திரும்பி வந்த முத்திரைப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்) இணையுங்கள். வழக்கேட்டைப் பார்த்து, அறிக்கையில் உள்ள திகதி, விலாசம், கையொப்பம் எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் ஒப்பிடச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பிஸ்கலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

இன்னொன்று, இதில் வென்றாலும் கடன் போய்விடாது. மறுமொழி (வழக்குக்கு உங்கள் பக்கத்து எழுத்துப் பதில்) போட்டு வழக்காட இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் கட்டிய தவணைப் பற்றுச்சீட்டுகளையும் இப்போதே தேடி எடுங்கள். காசு இல்லையென்றால் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு நாளைக்கே போங்கள்.