நீர்வண்ணத்தில் கண்ணாடி டம்ளர் தீட்டினால் எனக்குச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

எனக்கும் அப்படித்தான் ஆனது. நான் முதலில் தீட்டிய கண்ணாடி டம்ளரைப் பார்த்துவிட்டு அம்மா, "எவர்சில்வர் டம்ளர் நல்லா வந்திருக்கே" என்றார். கண்ணாடி என்றால் சாம்பல் என்று நானே முடிவு செய்து, உள்ளே முழுக்கப் பூசியிருந்தேன்.

கண்ணாடிக்கென்று தனி நிறம் ஏது? பின்னால் இருப்பதுதான் அதன் நிறம். நாற்காலி முதுகில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தொங்கவிட்டு, முன்னால் பாதி தண்ணீரோடு டம்ளரை வையுங்கள். தண்ணீர் இல்லாத மேல்பாதியில் கட்டங்கள் ஏறக்குறைய அப்படியே தெரியும். கீழ்ப்பாதியில் தண்ணீர் லென்ஸாகிவிடும். கட்டங்கள் நடுவில் அகன்று, ஓரத்தில் வளைந்து நெருங்கும். இடம் வலமும் மாறும். டம்ளருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இடப்பக்கம் எலுமிச்சம்பழம் வைத்தால், அந்த மஞ்சள் தண்ணீருக்குள் வலப்பக்கம் நிற்கும். மனசு நம்பாது, கை தானாக அதை நேராக்கப் பார்க்கும். விடாதீர்கள். கண்ணில் பட்ட வடிவத்தையே போடுங்கள்.

அப்புறம் ஓரம். சுற்றிலும் ஒரே கோடு இழுத்தால் போச்சு. ஓரிடத்தில் தடித்த கருப்பாக இருக்கும், அடுத்த அங்குலத்தில் காணாமலே போகும். அந்தக் கருப்புக்கு அல்ட்ராமரின் என்ற அடர்நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலப்பேன். காய்ந்தால் வெளிறும் என்பதால் தைரியமாக அடர்த்தியாகவே வையுங்கள். பக்கத்தில் கருப்பு இருந்தால்தான் வெள்ளை மின்னும்.

வெள்ளை என்பது காகிதம்தான். 300 ஜிஎஸ்எம் என்ற கனமான தாளில் அந்த இடங்களை முதலிலேயே பென்சிலால் லேசாகக் குறித்து, வண்ணம் பூசாமல் விட்டுவிடுகிறேன். வண்ணம் படாமல் மறைக்கத் தடவி, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் போன்ற மாஸ்கிங் ஃப்ளூயிடும் உதவும். ஆனால் ஒருமுறை ஒரு வாரம் உரிக்காமல் விட்டு, தாளோடு பிய்ந்து வந்தது. தவறிப்போனால் கடைசியில் ஒரு பொட்டு வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் நீர்வண்ணம்) வைக்கலாம். சிலர் அதைப் பாவம் என்பார்கள், நான் வைப்பேன்.

நிழலையும் கவனியுங்கள். வெயில் நேராகப் பட்டால், டம்ளர் நிழலுக்கு நடுவே பளீரென்று ஒரு ஒளித்திட்டு விழும். அதை மூடிவிட்டால் டம்ளர் மறுபடி எவர்சில்வர் ஆகிவிடும்.

டீக்கடையின் வரி போட்ட கிளாஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு வரியும் தனி லென்ஸ். எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.