கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் பையன்

கேள்வி: எனக்கு வயது 43. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், தோல் பதனிடும் ரசாயனங்கள் வியாபாரம். 20 வருடமாகச் சேர்த்த பணத்தில் போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு போர்ஷே கேமேன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். ஞாயிறு காலைகளில் ஏலகிரி வரை ஓட்டிவிட்டு வருவேன். பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்துவது வழக்கம். நிறுத்தியதும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன் 13 வயது இருக்கும் ஒரு பையன், கையில் ஒரு நோட்டோடு வந்து, "அண்ணா, இதுல எஞ்சின் நடுவுலதான இருக்கு?" என்று கேட்டபடியே கதவில் கை வைத்தான். "தொடாதடா!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறமும் அவன் வருகிறான். ஆனால் எதிர்ப் புளியமரத்தடியில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். கூப்பிட்டுப் பேசச் சொல்கிறாள் மனைவி. நண்பர்களோ, "ஒருத்தனை விட்டா பத்துப் பேர் வருவான், கீறல் விழுந்தா யார் கொடுப்பா, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வீண் ஏக்கம் வேற" என்கிறார்கள். ஒரு பொம்மைக் கார் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், வேலூர்.

பதில்: தம்பி, பொம்மைக் கார் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். அவன் உங்களிடம் பொருள் எதுவும் கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்டான். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. டீக்கடை நோட்டில் ஏறிய பாக்கி மாதிரி இரண்டு மாதமாக அது நிற்கிறது.

அதுவும் என்ன கேள்வி! இந்தக் காரை நிறுத்திய இடத்திலெல்லாம் உங்களிடம் என்ன கேட்டிருப்பார்கள்? "என்ன விலை சார்? என்ன மைலேஜ் கொடுக்குது?" எஞ்சின் எங்கே இருக்கிறது என்று உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? அந்தப் பையன் நேராக வண்டியின் நெஞ்சில் கை வைத்திருக்கிறான். கதவில் வைத்ததுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் காட்பாடிக்காரன். 1970-களில் எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வைத்திருந்தார். சென்னையிலேயே தயாரான இரண்டு கதவு வண்டி. மற்ற கார்களில் பானெட் மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து முழு முன்பக்கமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். முன்சக்கரங்கள் இரண்டும் வெட்டவெளியில் நிற்கும். ஒரு நாள் அவர் அதைத் திறந்து வைத்திருந்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வயது பதினொன்று. கூப்பிட்டார். ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். இருக்கா, பார்த்துச் சொல்லு." நான் பார்த்து, "இருக்கு சார்" என்றேன். அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. கம்பியைச் செருகி, மூடிவிட்டு, ஊசி போட யாரோ காத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டார். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. என் வார்த்தையை நம்பி ஒரு பெரிய மனிதர் காரை மூடிய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கார்களைப் பற்றி எழுதிப் பிழைக்கும் இந்த வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன்மேல்தான் 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டினார்கள் என்பது எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை ஆகும் வண்டிக்கு அன்றைக்கு ஆயில் பார்த்திருக்கிறேன்!

உங்களுக்கும் இப்படி ஒரு வண்டி, ஒரு ஆள் இல்லாமல் இருக்காது. தோல் ரசாயன வியாபாரி 20 வருடம் சேர்த்த பணத்தை இரண்டு சீட் காரில் போட்டிருக்கிறார் என்றால், அந்த ஆசையை எப்போதோ யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, வரும் ஞாயிறு. வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். காருக்குள் இருந்தபடியே கையசைத்துக் கூப்பிடாதீர்கள், நீங்களே புளியமரத்தடிக்குப் போங்கள். "அன்னைக்குக் கத்திட்டேன், தப்பு" என்று ஒரு வரி சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். அப்புறம் அந்த நோட்டைக் கேளுங்கள். உங்கள் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் அவன் நோட்டைப் பார்த்துவிடுங்கள். அதில் கார் படங்கள்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பிறகு கேள்விக்கு வாருங்கள். முன்மூடியைத் திறந்து காட்டுங்கள், பெட்டி வைக்கும் பள்ளம். பின்மூடியைத் திறங்கள், அங்கேயும் பெட்டி வைக்கும் இடம். "அப்போ எஞ்சின் எங்கடா?" என்று அவனையே கேளுங்கள். சீட்டுக்குப் பின்னால், இரண்டுக்கும் நடுவில் மூடிக் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஆயில், கூலன்ட் ஊற்றுகிற மூடிகளைப் பின்பக்கம் தேடிக் கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள். உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எதிரெதிராக அடிப்பதை இரண்டு முஷ்டியையும் வைத்துக் காட்டுங்கள். குத்துச்சண்டைக்காரன் கை மாதிரி இருப்பதால்தான் அதற்கு பாக்ஸர் எஞ்சின் என்று பெயர். சாவி ஏன் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. பிரான்சில் நடக்கும் லெ மான் கார் பந்தயத்தில் அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடிவந்து காரில் குதிப்பார்கள். ஒரு கை ஸ்டார்ட் செய்யும்போதே மறு கை கியர் போட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்களாம். கேமேன் என்பதும் ஒரு முதலை இனத்தின் பெயர்தான். என் வாழ்க்கையில் முதலைகள் கொஞ்சம் அதிகம்.

உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். கீறல் பயம் நியாயமானது. டோல் வரை ஓடிவந்த வண்டியின் மேல் மெல்லிய மணல் படிந்திருக்கும். விரல் வைப்பதால் கோடு விழாது, அந்த மணலோடு சேர்த்து இழுத்தால் விழும். பெல்ட் பக்கிளும் ஸ்கூல் பை ஜிப்பும் அதைவிட மோசம். "துடைக்காத இடத்துல தடவக் கூடாதுடா" என்று ஒருமுறை காரணம் சொன்னால் புரிந்துகொள்ளும் வயதுதான். நீங்கள் பயப்பட வேண்டியது பின்னால் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர் குழாய்க்கு. அரை டிராயர் போட்ட பிள்ளையின் காலுக்குச் சரியான உயரம், இறங்கிப் பத்து நிமிடம் ஆனாலும் சுடும். பிள்ளைகளைக் கதவுப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் வருவார்கள் என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி போர்ஷே ஓட்டித் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, "தல ஓட்டுற கம்பெனி கார்" என்றே இன்னும் நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். அதற்கு வழி சுலபம். நோட்டுப் பையனைப் பொறுப்பாளர் ஆக்கிவிடுங்கள். உங்களால் முடியாத கண்டிப்போடு அவன் வரிசையில் நிறுத்துவான். "தொடாதடா" என்று நீங்கள் சொன்னதை அவன் மற்றவர்களிடம் இன்னும் அழகாகச் சொல்வான்.

ஏக்கம் என்று சொன்னார்களே, அதில்தான் எனக்குக் கோபம். மிட் எஞ்சின் வரை தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைக்கு ஆசை உங்கள் காரைப் பார்த்தா வந்தது? அது ஏற்கெனவே அவன் வீட்டில், அப்பாவின் செல்போனில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கார் கிடைக்காததை அவன் தாங்கிக்கொள்வான். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்ததைத் தாங்குவதுதான் கஷ்டம். ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்: "நல்லாப் படிச்சா நீயும் வாங்கலாம்." அவன் வேடிக்கை பார்க்க வந்தவன், டியூஷனுக்கு வரவில்லை. அவனாகக் கேட்டால், வி.ஐ.டி. மாணவர்கள் தாங்களே பந்தயக் கார் வடிவமைத்து, கட்டி, ஓட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் நிறுத்தும் டீக்கடை இருக்கும் இதே 48-ஆம் நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கமாகப் போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதை வரும். பந்தய நாளில் அவனையும் அவன் அப்பாவையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். மூன்று பேர் ஆகிவிடுவதால் வீட்டு வண்டியில்தான் போக வேண்டும். அதுவும் நல்லதுதான்.

சில எல்லைகளும் உண்டு. சீட்டில் உட்கார வைக்கலாம், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ஒரு சுற்று கூட்டிப்போக ஆசை வந்தால் முதலில் அவன் வீட்டுக்குப் போய் பெற்றவர்களிடம் கேளுங்கள், பெல்ட் போடுங்கள், வேகம் காட்டாதீர்கள். பாசம் முற்றி ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடாதீர்கள். சிறுவனிடம் வண்டி கொடுத்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. டீக்கடை வாசலில் ஆக்ஸிலேட்டரை மிதித்து ஊரை எழுப்புவதைத் தாராள மனசு என்று நினைக்காதீர்கள். முக்கியமாக, அவனை வைத்து ரீல் போடாதீர்கள். "ஏழைச் சிறுவனின் கனவை நிறைவேற்றிய மனிதர்" என்று பின்னணி இசையோடு ஒன்று வந்தால், உங்களுக்கு அடுத்த பதில் இவ்வளவு பொறுமையாக இருக்காது.

ஏலகிரி பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று பாரி வளைவு. வாரா வாரம் இரண்டாவது கியரில் அதைத் திரும்பிப் போகிறீர்கள். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் வீட்டுக்கு எப்படிப் போனார் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். உங்களை அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் போதும்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வண்டியில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கும், சாத்தினால் மறுபடி ஏறி ரப்பருக்குள் உட்காரும். அவன் அன்றைக்குக் கை வைத்தபோது அதைத்தான் பார்க்க ஆசைப்பட்டானோ என்னவோ. இந்த முறை அவனையே திறக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவையாவது திறந்து திறந்து சாத்துவான். பேட்டரி தாங்கும்.