பழைய லப்டொப், புது விண்டோஸ்

கேள்வி: பாவித்த லப்டொப் ஒன்று வாங்கினேன். அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் லைசன்ஸ் போய்விடுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: உண்மையான லைசன்ஸ் என்றால் போகாது. விண்டோஸ் 8இற்குப் பிறகு விண்டோஸோடேயே விற்கப்பட்ட லப்டொப்களில் லைசன்ஸ் சாவி (புரொடக்ட் கீ) பெரும்பாலும் மதர்போர்டில் பதிந்திருக்கும். டிஸ்க்கை அழித்தாலும் அது அழியாது. ஆனால் அழிக்க முதல் செட்டிங்ஸில் 'அக்டிவேஷன்' பக்கத்தைப் பாருங்கள். உங்களுடைய விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஹோமா, புரோவா என்று குறித்துக்கொள்ளுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: ஹோம் லைசன்ஸில் புரோ போட்டால் அக்டிவேட் ஆகாது.

விண்டோஸ் போட 8 ஜிபி பென்டிரைவ் போதும். விண்டோஸை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்தே அதில் இறக்குங்கள். பல ஜிபி வரும், மொபைல் டேட்டா கரைந்துவிடும், கிளிநொச்சிப் பக்கம் வைஃபை உள்ள இடத்தில் செய்வது நல்லது. விண்டோஸ் போடும்போது சாவி கேட்டால் 'என்னிடம் இல்லை' என்பதை அழுத்துங்கள். வைஃபை டிரைவரையும் (வைஃபையை வேலைசெய்ய வைக்கும் மென்பொருள்) முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் விண்டோஸ் 11 இன்டர்நெட் கேட்டு நடுவழியில் நின்றுவிடும்.