வாசல்படியில் வைத்த சாப்பாடு

அன்புள்ள ஐயா,

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘கிரான் டொரினோ’ (2008) பார்த்தேன். வாயைத் திறந்தாலே வசவு. அப்படிப்பட்ட கிழவர் வால்ட், பக்கத்து வீட்டு மொங் குடும்பத்துக்காக உயிரையே கொடுத்தது நெகிழ வைத்தது. ஆனால் அந்த வயதில் ஒருவர் இப்படி மாறுவாரா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த தமிழர்களை ‘சிலோன்காரங்க’ என்று இன்னமும் முகம் சுளிக்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் பார்க்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

(கோத்தகிரி வாசகர். பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வால்ட் மாறினார் என்றே எனக்குத் தோன்றவில்லை. கடைசிவரை அதே வாய்தான். அவர் நட்பு பாராட்டுவதே திட்டித்தான். முடிவெட்டுபவரிடம் பேசுவதைப் பாருங்கள். (எதிர்வீட்டு, மன்னிக்கவும், பக்கத்து வீட்டு மொங் பாட்டியும் சளைத்தவர் இல்லை. இவர் துப்பினால் அவர் இரண்டு பங்கு துப்புகிறார்.)

படியேறி வந்தவர்கள் அந்த மொங் குடும்பத்தார்தான். வீட்டுப் பையன் தாவோவை ரௌடிகளிடமிருந்து காப்பாற்றியதற்காக வாசல்படி முழுக்கப் பூவும் சாப்பாடும் கொண்டுவந்து வைக்கிறார்கள். வேண்டாம் என்று எரிந்து விழுகிறார். விடுவதாக இல்லை. அப்புறம் தாவோவின் அக்கா ஸூ அவரை விருந்துக்கே இழுத்துப்போகிறாள். அங்கே ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுவிடுகிறார், எல்லாரும் பதறுகிறார்கள். ஆன்மா தலையில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனாலும் கிழவருக்குச் சாப்பாடு பிடித்துப்போகிறது. எனக்கு அதுதான் படம். உயிர்த்தியாகம் கொஞ்சம் தூக்கல்.

லாவோஸில் அமெரிக்காவின் பக்கம் நின்று சண்டை போட்டு, 1975க்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் ஓடிவந்தவர்கள் மொங் மக்கள். நம் சிலோன்காரர்களும் ஆசைப்பட்டு மலையேறியவர்கள் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான்.

குன்னூர்ப் பக்கம் எங்கள் தாத்தாவும் ஏறக்குறைய வால்ட்தான். பக்கத்தில் குடிவந்த சிலோன் அம்மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தனுப்பினார். தாத்தா தொடவில்லை. வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாதே என்று பாட்டி உருளைக்கிழங்கு வைத்து அனுப்பினாள். இப்படியே தட்டு போய்வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் தாத்தா தன் அரை ஏக்கர் தேயிலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அந்த வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “இப்படி வெட்டுனா தண்ணி நின்னு கிளை அழுகிரும் ஐயா” என்று உள்ளே வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். ஒரே வீச்சு, சாய்வாக, பிசிறில்லாமல். சின்ன வயதிலிருந்து சிலோன் தோட்டத்தில் செய்த வேலை. தாத்தா கொஞ்சநேரம் முறைத்தார். பிறகு கல்லில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைத் தாத்தா ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்தக் கத்தியை நாங்கள் யாராவது எடுத்தால் சத்தம் போடுவார்: “வை அதை. சிலோன்காரன் வரட்டும்.”