கண்ணை அரை சென்டிமீட்டர் கீழ இறக்குங்க: ஃபெல்ட் பொம்மை கேள்வி பதில்

அக்கா, ஃபிரெண்டோட பிறந்தநாளுக்கு ஃபெல்ட்ல பொம்மை பண்ணித் தரணும்னு ஆசை. பட்டன் தைக்கிறதைத் தவிர எனக்குத் தையல் எதுவும் தெரியாது. முடியுமா?

தாராளமா முடியும், பட்டன் தைக்கத் தெரிஞ்சா போதும். மத்த துணி பெரும்பாலும் நெய்தது, வெட்டினா ஓரத்துல பிசிறு வரும், அதை மடிச்சுத் தைக்கணும். ஃபெல்ட் அப்படி இல்ல, கம்பளி ரோமத்தை சூடு, ஈரம், சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்க வெச்சு பண்றது, அதனால எப்படி வெட்டினாலும் பிரியாது, ரெண்டு துண்டை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஓரத்தை வெளிப்பக்கமாவே தைச்சிடலாம். சிந்தெடிக் ஃபெல்ட் விலை கம்மி, ஆனா பஞ்சு அடைக்கும்போது இழுத்துக்கும், நாளாக ஆக மேல குட்டி உருண்டையா திரண்டு வரும். பழகறதுக்கு அது, கொடுக்கறதுக்கு கம்பளி கலந்தது.

எம்ப்ராய்டரி நூல்ல ஆறு இழை இருக்கும், ரெண்டு இழை மட்டும் பிரிச்சுக் கோத்துக்கோங்க. பஞ்சை ஒரே உருண்டையா திணிக்காம சின்னச் சின்னதா பிச்சு, முதல்ல காது, கால் நுனின்னு மூலைகளுக்கு பென்சிலோட மொட்டைப் பக்கத்தால தள்ளுங்க. உடம்பை கடைசியா நிரப்பினா போதும்.

நான் பண்ற பொம்மை நீட்டா வருது, ஆனா உயிரே இல்ல. வேடிக்கையா, ஒரு கிறுக்குத்தனத்தோட வரணும்னா என்ன பண்ணணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்! பேட்டர்ன்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, யாருக்குக் கொடுக்கப் போறீங்களோ அந்த ஆள்கிட்ட இருந்து ஆரம்பிங்க. அவங்க எப்பவும் பண்ற ஒரே ஒரு விஷயத்தை எடுங்க, ரெண்டு மூணு வேண்டாம். என் ஃபிரெண்ட் ஒருத்தி போன் பேசும்போது கழுத்தைச் சாய்ச்சு தோள்ல போனை இடுக்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் வேற வேலை பார்த்துட்டே இருப்பா, அவளுக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி பண்ணேன், அவ்ளோ நீளக் கழுத்து முழுசா ஒரு பக்கம் சாய்ஞ்சு தோள்ல ஒரு குட்டி கறுப்பு போன் இருக்கும், பார்த்த உடனே "இது நான்தானே"ன்னு கத்திட்டா.

அடுத்தது கண்ணு. தைக்கறதுக்கு முன்னாடி கறுப்பு ஃபெல்ட்ல ரெண்டு வட்டம் வெட்டி குண்டூசியால குத்தி வெச்சு நகர்த்திப் பாருங்க. அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு முதல்ல கண்ணை நெத்திகிட்ட வெச்சேன், ஏதோ முறைக்கற மாதிரி இருந்துச்சு. அரை சென்டிமீட்டர் கீழ இறக்கி, ரெண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சேன், அப்படியே குழந்தை முகம் ஆயிடுச்சு. ஒரு கண்ணை மட்டும் துளி பெருசா வெட்டினா இன்னும் வேடிக்கை. வாய் கோணலா வந்துட்டா பிரிக்காதீங்க ப்ளீஸ், பத்து நிமிஷம் அப்படியே வெச்சுட்டு திரும்பி வந்து பாருங்க, பாதி நேரம் அந்தக் கோணல்தான் பொம்மையோட குணமே.

புதுத் துணிதான் வேணும்னும் இல்ல. அமெரிக்க டிவியில வந்து உலகமே பார்த்த கெர்மிட் தவளைன்னு ஒரு கைப்பாவை இருக்கே, அதை உருவாக்கின ஜிம் ஹென்சன் 1955ல அதை முதல்ல பண்ணது அவரோட அம்மாவோட பழைய கோட்டை வெட்டித்தான், கண்ணுக்கு பிங்பாங் பந்து. பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தா சுடுதண்ணியில சோப்பு போட்டு நல்லா கசக்கித் துவைங்க, சுருங்கித் தடிச்சு அதுவே ஃபெல்ட் மாதிரி ஆயிடும். (அதே காரணத்துக்காக முடிச்ச கம்பளி பொம்மையை சுடுதண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க.)

கைப்பாவை பண்ணேன், காகிதத்துல என் கையை வரைஞ்சுதான் வெட்டினேன், ஆனா கை உள்ளயே போகல. ஏன்?

காகிதத்துல வரைஞ்ச கைக்கு தடிமன் கிடையாது, நிஜக் கைக்கு உண்டு, அதுதான் விஷயம். கோட்டைச் சுத்தி ரெண்டு சென்டிமீட்டராவது விட்டு வெட்டுங்க, கை நுழையற கீழ்த் திறப்பை இன்னும் அகலமா விடுங்க, ஏன்னா விரல் கணுக்கள் இருக்கற அகலமான இடம்தான் அங்க நுழையணும். ஆள்காட்டி விரல் தலைக்கு, கட்டைவிரலும் நடுவிரலும் ரெண்டு கைக்கு. தலைக்குள்ள பஞ்சை முழுசா அடைச்சுட்டா விரலுக்கு இடமே இருக்காது, முதல்ல விரல் நுழையற மாதிரி ஒரு ஃபெல்ட் குழாய் வெச்சுட்டு அதைச் சுத்தி அடைங்க. முழுசா தைக்கறதுக்கு முன்னாடி பெரிய பெரிய ஓட்டுத் தையலா போட்டு மாட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, கையைத் தட்டிப் பார்த்துட்டு அப்புறம் ஒழுங்கா தைங்க.

ஃபிரெண்டோட குழந்தைக்கு ஒன்றரை வயசு. பட்டன் கண்ணு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 3 வயசுக்குள்ள எல்லாம் வாய்க்குத்தான் போகும். பொம்மைப் பாதுகாப்பு சோதனையிலயே 31.7 மில்லிமீட்டர் அகலமான ஒரு குழாய் வெச்சிருக்காங்க, அதுக்குள்ள முழுசா அடங்கற எந்தத் துண்டும் அந்த வயசுக் குழந்தைக்கு ஆபத்து. 'சேஃப்டி ஐ'ன்னு விக்கற, பின்பக்கம் வாஷர் போட்டு இறுக்கற பிளாஸ்டிக் கண்ணும் ஃபெல்ட் இளகினா ஓட்டையோட பிடுங்கிட்டு வந்துடும். கண்ணு, மூக்கு எல்லாம் நூலாலயே போடுங்க, மணி, பாசி எதுவும் வேண்டாம்.

கையால பண்ணதைக் கொடுத்தா காசு மிச்சம் பிடிக்கறேன்னு நினைப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு அக்கா.

அப்படி நினைக்காதீங்கம்மா. ஜெர்மனியில மார்கரெட் ஸ்டைஃப்னு ஒரு அம்மா, குழந்தையிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில இருந்தவங்க. 1880ல ஊசி குத்தி வைக்கறதுக்குன்னு ஃபெல்ட்ல குட்டி யானை தைச்சு தெரிஞ்சவங்களுக்குக் கொடுத்தாங்க, அந்த வீட்டுக் குழந்தைங்க அதை எடுத்து விளையாட ஆரம்பிச்சிட்டாங்க, அதுல இருந்துதான் அவங்களோட பொம்மை கம்பெனியே வளர்ந்துச்சு. நீங்க தைச்சதைத் தைரியமா கொண்டு போய் கையில கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி பொம்மையோட பாதத்துல உங்க பேரோட முதல் எழுத்தையும் வருஷத்தையும் சின்னதா தைச்சுடுங்க.