புள்ளி வைத்த ஊர்கள்

வணக்கம் ஐயா,

டோர்ட்முண்டில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். இங்குள்ள ஊர்ப் பெயர்கள் என்னைக் குழப்புகின்றன. ரயில் டிக்கெட்டில் ம்யூன்ஷென் என்றிருக்கும் ஊர், ஆங்கிலத்தில் மியூனிக் ஆகிவிடுகிறது. கோல்ன் நகரத்தின் பழைய அஞ்சலட்டைகளில் 'கே'க்குப் (K) பதிலாக 'சி' (C) இருக்கிறது. புள்ளி வைத்த 'ஓ'வைத் (ö) தட்டச்சு செய்ய முடியாவிட்டால் 'ஓ', 'ஈ' (oe) என்று இரண்டு எழுத்தாக எழுதலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அதே இரண்டு எழுத்துகள் உள்ள பக்கத்து ஊரை ரயிலில் 'ஸோஸ்ட்' என்று அறிவிக்கிறார்கள். எதை நம்புவது? புள்ளியே இல்லாமல் எழுதினால் என்ன குறை?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். புள்ளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நியூரம்பெர்க்கை ஒட்டி ஃப்யூர்ட் என்றொரு நகரம் இருக்கிறது. அதே பவேரியா மாநிலத்தில், செக் நாட்டு எல்லையோரம், ஃபுர்ட் இம் வால்ட் என்று இன்னோர் ஊர். இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல். 'யூ'வின் (ü) தலையிலுள்ள புள்ளிகளை எடுத்துவிட்டால் முதல் ஊரின் பெயர் இரண்டாவது ஊரின் பெயராகிவிடும். அவசரத்தில் டிக்கெட் எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

அந்தப் புள்ளிகள் பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இடைக்காலச் சுவடிகளில் உயிரெழுத்தின் மேல் ஒரு குட்டி 'ஈ'யை எழுதினார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் அந்த எழுத்து இரண்டு சிறு கோடுகளாகத்தான் இருக்கும். கோடுகள் தேய்ந்து புள்ளிகளாயின. ஆகவே 'ஓ', 'ஈ' என்று பிரித்து எழுதுவதைக் கணினிக்காகச் செய்த ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம். அது அந்த எழுத்தின் மூத்த வடிவம். கவிஞர் கதே (Goethe) தம் பெயரில் அதைத்தான் வைத்திருந்தார். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள்.

ஸோஸ்டின் கதை வேறு. ஜெர்மனியின் மேற்கிலும் வடக்கிலும் ஓர் உயிரெழுத்தை நீட்டி உச்சரிக்க வேண்டும் என்று காட்ட, அதன் பின்னால் 'ஈ' சேர்க்கும் பழக்கம் இருந்தது. அங்கே 'ஈ'க்குத் தனி ஒலி கிடையாது. கோஸ்ஃபெல்ட், இட்ஸெஹோ ஆகிய ஊர்களும் அப்படித்தான். 'ஏ'க்குப் (a) பின்னால் 'ஈ' வரும் ஷ்ட்ராலென் என்ற ஊரும் உண்டு. புள்ளி வைத்த 'ஓ'வை எப்போதும் இரண்டு எழுத்தாகப் பிரிக்கலாம். இரண்டு எழுத்தைக் கண்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்த 'ஓ'வாகச் சேர்க்கக் கூடாது. எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, அந்த ஊர்க்காரர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ரயில் அறிவிப்பை நம்பியது சரி.

'சி'யும் 'கே'யும் பழைய வழக்கு மாறியதன் தடயம். கோல்ன் 1919இல் 'கே'க்கு மாறியது. கோப்ளென்ஸும் காஸலும் 1926இல் மாறின. காட்பஸும் குக்ஸ்ஹாஃபனும் இன்றுவரை 'சி'யை விடவில்லை.

மியூனிக்கை ஆங்கிலேயர் கெடுத்துவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். அது நியாயமில்லை. 1158ஆம் ஆண்டு ஆவணத்தில் அந்த ஊரின் பெயர் 'முனிகென்'. ஜெர்மானியர் நாவில் அந்தப் பெயர் மாறிக்கொண்டே போக, ஆங்கிலம் பழைய வடிவத்தை ஒட்டியே நின்றுவிட்டது. கோல்னை ஆங்கிலத்தில் கொலோன் என்பதும் அப்படித்தான்: ரோமானியர் கி.பி. 50இல் அந்த ஊருக்குத் தந்த 'கொலோனியா' என்ற தகுதி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இவற்றைப் பிழை என்று ஒதுக்காதீர்கள். ஆனால் படிவத்திலும் முகவரியிலும் அந்த ஊர் தன்னை எப்படி எழுதிக்கொள்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலுள்ள ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு என்றாவது போவீர்கள். கோயில் இருக்கும் பகுதியின் பெயர் 'யூ', 'ஈ' என்று தொடங்கும். அங்கே ஒலி புள்ளி வைத்த 'யூ'வின் ஒலிதான், ஆனால் முறையான எழுத்தில் புள்ளி கிடையாது. வரைபடத்தில் தேடும்போது இரண்டு எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

அன்புடன்